பெட்டிக்குள் விழுந்த ழ

செண்பகம் காலனியில் யாரும் தாமாக வீடு திரும்புவதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிடப்பட்டவர் வந்துவிடுவார். கூப்பிடப்படாதவர் இருந்த இடத்திலேயே இருப்பார். மதுரையின் மற்ற பகுதிகளில் எப்படியோ, இங்கே இதுதான் வழக்கம். பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டாம், ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பெயர் காதில் விழுந்ததுமே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை, பெயரைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு மைக்கில் "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். காலனி ஆண்கள் மொத்தப் பேரும் முதலில் கூப்பிட்ட மாடி வீட்டு வேணி அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா? காபித்தூள் டப்பா காலி. அதற்குப் பிறகு புருஷன் பெயரை வாய் நிறையச் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்டி என்ன சொல்கிறதோ அதுதான் வரும். நாம் மனசில் என்ன நினைத்தோம் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. ஐப்பசி மாதம் செய்தியில் "மதுரையில் மழை வரும்" என்று வாசிப்பார்கள். காலனிப் பெட்டிகளுக்கு அந்த ழ உருளாது. எல்லாப் பெட்டியும் சேர்ந்து "மலை வரும்" என்று சொன்னதில் ஒரு மலை வந்து மேற்குப் பக்கம் நின்றுவிட்டது. மொட்டைப் பாறை, பேருக்கு ஒரு மரம் கிடையாது. வந்தது வந்துவிட்டது என்று எல்லோரும் அதில் வத்தல் காயப்போடுகிறார்கள்.

சோலைராஜும் இந்தக் காலனிதான். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாண அழைப்பிதழ் வடிவமைக்கிறான். அழைப்பிதழ் என்ற சொல்லிலேயே இரண்டு ழ இருக்கிறது, ஒன்றைக்கூட அவன் தப்பாக அடித்தது கிடையாது. அவன் மனைவி யாழினிக்கு டவுனில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிற வேலை. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்தால் இன்னொருவருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்துவிடும்.

முன்பு அவர்களிடம் இருந்தது பொருட்காட்சியில் வாங்கிய ஒற்றைப் பெட்டி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி பேசும். அது கூப்பிட்டது யாழினியையா, பக்கத்து வீட்டுப் பால்காரரையா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யாழினி டாண் என்று வந்து நிற்பாள், கையில் ஒரு முழம் மல்லிகைப்பூவோடு.

அப்படியே விட்டிருக்கலாம். சோலைராஜின் காது கொஞ்சம் திமிர் பிடித்த காது. பாட்டுக் கேட்டால் தபேலாக்காரர் விரல் நகம் வெட்டியிருக்கிறாரா இல்லையா என்பது வரைக்கும் தெரிய வேண்டும் என்று அதற்கு ஆசை. பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புத்தக அலமாரியில் வைக்கிற ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தான். நல்ல தேக்கு நிறம், பெட்டிக்கு இரண்டு கூம்பு. பெரியது கனத்த சத்தத்துக்கு, சின்னது மெல்லிய சத்தத்துக்கு. பழைய பெட்டி அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போய் வேறு யாரையோ கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சோலைராஜ் மைக்கைத் துடைத்து, தலையைச் சீவிக்கொண்டு, பெயரைச் சொன்னான். பெட்டி கூப்பிட்டது. யாளி வந்தது.

கோயில் மண்டபத் தூணில் நிற்குமே, சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, முட்டைக் கண், அதேதான். மாடிப்படி ஏறி வந்திருந்தது. ஒரு படிகூட உடையவில்லை, மரியாதையான யாளி. சோபாவைப் பார்த்தது, தன் உடம்பைப் பார்த்துக்கொண்டது, தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பொழுதுபோகாமல் அதை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டு வந்த விருந்தாளியைப் போ என்று சொல்ல முடியாது. சோலைராஜ் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வைத்துவிட்டு யாழினிக்குப் போன் போட்டான். போனில் கூப்பிட்டால் குரல் மட்டும்தான் வரும், ஆள் வராது.

"ஏங்க, எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் அண்டாவுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். கூப்பிட்டீங்களா இல்லையா?"

"கூப்பிட்டேன். யாளி வந்திருக்கு."

"ஐயோ, சாப்பிட்டுச்சா?"

"வாளப்பளம் குடுத்திருக்கேன்."

"சரி, பாத்துக்கங்க. நாளைக்கு நல்லாக் கூப்பிடுங்க."

மறுநாளும் யாளிதான் வந்தது. அதற்கு அடுத்த நாளும் அதுவே வந்தது. காலையில் கோயில் நடை திறப்பதற்குள் தூணுக்குப் போய்விடும், சாயங்காலம் கழுத்தில் போட்ட மாலை வாடாமல் வந்து நிற்கும். பெட்டியின் பின்பக்கம் காற்று வருவதற்கு ஓர் ஓட்டை உண்டு. கனமான தாளம் வரும்போதெல்லாம் யாளி அங்கே துதிக்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். யாழினி கடையிலேயே இருந்தாள். சோலைராஜ் வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுக்கலாம், பேசலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம். கூட்டிக்கொண்டு வர மட்டும் முடியாது.

வீடு வெறிச்சென்று இருந்தது. யாளி இருந்தது, ஆனால் யாளி சிரிக்காது.

சோலைராஜ் பெட்டியைத் திறந்தான். உள்ளே சின்னப் பலகை ஒன்று இருந்தது, கிராஸ்ஓவர் என்பார்கள். வருகிற சத்தத்தை நாற்சந்தியில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி பிரித்துவிடுவது அதன் வேலை. நீ கனம், பெரிய கூம்புக்குப் போ. நீ கீச்சு, சின்னக் கூம்புக்குப் போ. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருப்பதை சோலைராஜ் கண்டுபிடித்தான். ழ கனமும் இல்லை, கீச்சும் இல்லை. தயங்கித் தயங்கி நடுவில் வந்து பள்ளத்தில் விழுந்துவிடுகிறது என்று முடிவுகட்டினான். கண்டென்சரை மாற்றி, சால்டரிங் வைத்து, பெட்டியை மூடி, அன்று சாயங்காலம் கூப்பிட்டான்.

"யாரினி" என்றது பெட்டி.

யார் இனி என்று கேட்டால் என்ன ஆகும்? ரேஷன் கடையில் நின்றவர்கள், முடிவெட்டும் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள், டாக்டர் வீட்டு வாசலில் டோக்கனோடு இருமிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் "நான்தான், நான்தான்" என்று வந்துவிட்டார்கள். ஹாலில் தொடங்கி மாடிப்படி இறங்கி கேட்டைத் தாண்டி வரிசை. ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. "இங்க என்னங்க குடுக்குறாங்க?" என்று பின்னால் நின்றவர் கேட்டார். "தெரியல, நில்லுங்க" என்றார் முன்னால் நின்றவர்.

சோலைராஜ் ஆளுக்கு ஒரு சாம்பிள் அழைப்பிதழைக் கொடுத்து அனுப்பினான். மணமகன், மணமகள், மண்டபம், தேதி எல்லாம் அவனாகப் போட்டது. குறிப்பிட்ட முகூர்த்தத்தில் அவர்கள் எல்லோரும் போய் சாப்பிட்டுவிட்டு வந்ததாகவும், ரசம் பிரமாதம் என்றும் பிறகு கேள்விப்பட்டான்.

மறுநாள் சோழவந்தானில் இருந்து மாமனார் தவமணி போன் செய்தார். வெற்றிலைக் கொடிக்கால்காரர், பேசும்போதும் வாயில் வெற்றிலை இருக்கும்.

"மாப்ள, எம்மக பாத்திரக்கடையில பாத்திரமாவே ஆயிட்டாளாம்ல?"

"சரியாயிரும் மாமா. நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அதைத்தான்..."

"பள்ளமோ மேடோ, அது உங்க பாடு. ஞாயித்துக்கெழமை விளக்கு வைக்கையில நாங்களும் இங்கிட்டு ஒரு பெட்டி வாங்கி வச்சுக் கூப்பிடுறோம், நீங்களும் கூப்பிடுங்க. எந்தப் பெட்டி சரியாக் கூப்பிடுதோ அங்க வரட்டும். நான் ஒண்ணும் வம்புக்குச் சொல்லல மாப்ள. அண்டாவுக்கு நடுவுல எத்தனை நாளைக்கு உக்காருவா?"

காலனி வழக்கம் சோலைராஜுக்குத் தெரியாதா? இரண்டு வீடும் சரியாகக் கூப்பிட்டால், போகிறவர் இஷ்டம். ஒரு வீடு மட்டும் சரியாகக் கூப்பிட்டால், அதுதான் அவர் வீடு. மற்ற வீடு அதற்குப் பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது.

வேணி அக்கா படியில் நின்று யோசனை சொன்னாள். "எதுக்கு தம்பி இம்புட்டுப் பாடு? எங்க வீட்டுக்காரரு பேரு அழகர்தானே. பெட்டி அலகுன்னு சொல்லிச் சொல்லி, தெனமும் ஒரு கொக்கு வந்து நின்னுச்சு. பேசாம செல்வம்னு பேரை மாத்திட்டோம். இப்ப கரெக்டா வர்றாரு. கொக்குக்குத்தான் கொஞ்சம் வருத்தம்."

இதை யாழினியிடம் சொன்னபோது அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "பேரை மாத்தினா வேற யாரோதான் வருவா. பரவாயில்லையா?"

"வேணாம், வேணாம்" என்று சோலைராஜ் பதறிப்போனான்.

சனிக்கிழமை அவன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தான். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சத்தம் கைமாறுகிற இடத்தில் பெரிய கூம்பு முன்னால் தள்ளும்போது சின்னக் கூம்பு பின்னால் இழுக்கிறது. ஒன்று கொடுப்பதை இன்னொன்று பிடுங்கிக்கொள்கிறது. பள்ளம் விழாமல் என்ன செய்யும்? சின்னக் கூம்புக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றி, இடம் மாற்றி, திருப்பிக் கொடுத்தான். இப்போது இரண்டும் சேர்ந்து தள்ளின.

பாட்டைப் போட்டான். அடேயப்பா! வயலின்காரர் மூச்சு வாங்குவது கேட்டது. பாடகியின் வளையல் கேட்டது. பாட்டு பதிவான அறைக்கு வெளியே யாரோ காபி ஆற்றுவதும், சர்க்கரை போதவில்லை என்று முனகுவதும் கேட்டது. சோலைராஜ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் ஒரு குத்தாட்டம் போட்டான். மத்தியானச் செய்தியில் "மழை வரும்" என்றார்கள். பெட்டியும் அட்சரம் பிசகாமல் "மழை வரும்" என்றது. சோலைராஜ் வீட்டுப் பால்கனியில் மட்டும் மழை பெய்தது. மேற்கே இன்னொரு மலை வரவில்லை.

இனி என்ன கவலை? சாயங்காலம் மைக்கை எடுத்துத் தெம்பாகக் கூப்பிட்டான். பெட்டி, கண்ணாடி துடைத்த மாதிரித் தெளிவாகச் சொன்னது. "யாளினி."

யாளி வந்தது. பால்கனி வழியாக வந்ததால் கொஞ்சம் நனைந்திருந்தது.

சோலைராஜ் துண்டை எடுத்து அதைத் துவட்டிவிட்டான். துவட்டிக்கொண்டே யோசித்தான். செய்தி வாசிக்கிறவரின் ழ ஒழுங்காக வருகிறது. பள்ளம் இல்லை, பெட்டியில் கோளாறு இல்லை. அப்படியென்றால்? "மளை" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "பளம்." "கிளமை." இத்தனை வருஷம் தன் காதுக்கு வராதது அன்றைக்குத்தான் வந்தது. அவன் அந்தத் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியாப்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு யாழினி உட்கார்ந்திருந்தாள்.

"நான் உன் பேரை எப்படிச் சொல்றேன்?"

"யாளினின்னு" என்றாள், இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே.

"எப்ப இருந்து?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே. 'பொண்ணு பேரு யாளினியா'ன்னு கேட்டீங்க. எங்கப்பா வெத்தலையை மெல்றதையே நிறுத்திட்டாரு."

"அப்புறம் எப்படி தெனமும் வந்த?"

"அந்தப் பழைய பெட்டியில என்ன தெரிஞ்சுச்சு? யாரோ என்னமோ முனகுற மாதிரி இருக்கும். நம்மளைத்தான் போலன்னு கெளம்பி வந்துருவேன். நீங்க இப்ப பெட்டியைச் சரிபண்ணிட்டீங்க. யாளினின்னு சுத்தமாக் கேக்குது. அது நான் இல்லையே."

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அழுறீங்களா?"

"இல்ல, அளல."

யாழினிதான் முதலில் வெடித்தாள். அவளைப் பார்த்து அவனுக்கும் வந்துவிட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் சுற்றியிருந்த பித்தளை அண்டாக்கள் எல்லாம் கிண்கிண் என்று அதிர்ந்தன. முதலாளி கல்லாவில் இருந்தபடியே இரண்டு கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்திருந்தார்கள்.

சோடாவைக் குடிக்கும்போது பாட்டில் கழுத்தில் கோலி உருண்டது. முன்னால் வந்தது, பின்னால் போனது, வெளியே மட்டும் வரவில்லை. சோலைராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யாளியின் வாயில் உருளுகிற கல்லும் இப்படித்தான். அது பின்னால் உருண்டு போகும்போதெல்லாம் அந்த வாயிலிருந்து ஒரு சத்தம் வரும். சத்தம் எது என்று இப்போது யோசித்தான். ழ. ழவேதான். இத்தனை நாளும் அது அவன் ஹாலில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாட்டிலை நான் எடுத்துக்கிறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

வீட்டில் பாட்டிலை உடைத்து, கோலியைக் கழுவி, வாயில் போட்டுக்கொண்டான். மத்தியானம் முழுக்கப் பெயரை மைக்கில் சொல்லிப் பழகியதில் யாளி சீக்கிரமே வந்துவிட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யாளி கல்லைப் பின்னால் உருட்டியது. சோலைராஜ் கோலியைப் பின்னால் உருட்டினான். கோலி எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு நாக்கும் பின்னால் போய் மடிந்தது. வயரைத் திருப்பிப் போட்ட மாதிரி நாக்கையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உமிழ்நீர் வழிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஒரு தடவை கோலி தொண்டைப் பக்கம் போய் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியது.

விளக்கு வைக்கிற நேரம். இந்நேரம் சோழவந்தானில் மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, மைக் முன்னால் நின்றிருப்பார். அவருக்கு என்ன, பிறந்ததில் இருந்து ழ உருளுகிற ஊர். சோலைராஜ் முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வாயால் சொன்னால் அவரும் வந்துவிடுவார்.

கோலியைப் பின்னால் உருட்டினான்.

"யாழினி."

பெரிய கூம்பும் சின்னக் கூம்பும் சேர்ந்து அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு போயின. யாளி உருட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

வாசலில் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் ஒன்றும் இல்லை. வேணி அக்கா வீட்டுக்குச் செல்வம் வந்தார், கதவு சாத்திக்கொண்டது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், குழாய் திறந்தது. காலனியில் வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து முடித்த பிறகும் சோலைராஜ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். இனி அவள் காதில் தன் குரல் விழாது என்று நினைத்தபோது யாளியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஒரு முழம் மல்லிகைப்பூவோடு யாழினி நின்றாள்.

"அப்பாவும் கூப்பிட்டாரு. ரெண்டும் ஒரே நேரத்துல கேட்டுச்சு. அப்பா கூப்பிட்டது அவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்க, ஒரு பிசிறு இல்ல. நின்னு கேட்டுட்டே இருந்தேன். அதான் லேட்டு."

அவள் அலமாரியில் இருந்த பெட்டியைக் காட்டினாள்.

"இது உசிரைக் குடுத்துக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. இங்க வந்துட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கோலி முன்னால் வந்தது, பின்னால் போனது. வெளியே வரவில்லை. யாழினி விரலை விட்டு உருட்டிப் பார்த்தாள், நன்றாக உருண்டது. குனியச் சொல்லி முதுகில் தட்டினாள், அப்போதும் வரவில்லை. யாளி தனக்குத் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு மிச்சமிருந்த பழத்தை எடுத்துக்கொண்டது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் யாளிக்கு விடுமுறை. அது ஹாலில் படுத்துக்கொண்டு பெட்டியின் ஓட்டையில் துதிக்கையை வைத்துப் பாட்டுக் கேட்கிறது. அன்று மட்டும் மண்டபத் தூணில் சோலைராஜ் நிற்கிறான். கோயிலுக்கு வருகிறவர்கள் அவன் வாயில் விரலை விட்டு உருண்டையை உருட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து வேலைப்பாடே தனி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். யாழினிக்கும் கடையில் செவ்வாய்தான் லீவு. சாயங்காலம் அவள் மைக்கை எடுத்து, ஆசையாக, பாதிப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"சோலை."

சரிபண்ணிய பெட்டி, அதில் எதுவும் தவறுவதில்லை. முதல் செவ்வாயன்று முன்னால் அவன் வந்தான். அவனுக்குப் பின்னால் மாமரமும் இலுப்பையும் புன்னையும் நாவலும் வேர்களைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்தன. யாழினி கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள். ஹாலில் இடம் போதாது என்று மரங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், வாசலில் தலையைத் தாழ்த்திவிட்டு மேற்கே மலையில் போய் ஏறிக்கொண்டன.

வேணி அக்கா கீழே இறங்கி வந்து, முறத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். வத்தலை எல்லாம் அள்ள வேண்டும். இனி அங்கே நிழல் விழும்.